பங்குக்கு வந்த அண்டா

மிட்டாதார் சிங்காரவேலுவின் மீசைக்கு மட்டும் தினம் ஒரு உழக்கு நெய் செலவாகும். ஒருநாள் அவர் வேட்டைக்காரர்களைக் கூப்பிட்டார்.

"முயல் வேட்டைப் போட்டி வைக்கிறேன். அதிகம் அடிப்பவனுக்குத் தங்கப் பதக்கம். வேடிக்கை பார்க்க நானூறு சீட்டு விற்றாயிற்று. மறுத்தால் இனி எவனும் என் காட்டில் கால் வைக்கக் கூடாது!"

சேர்ந்து அடித்துச் சேர்ந்து தின்றவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போட்டிபோட்டு அடித்தால் குட்டி முயலாவது மிஞ்சுமா?

வேட்டை நாய்களுக்குக் கூழ் காய்ச்சும் சடைச்சி கும்பிட்டாள். "வர்றோம் சாமி. ஆனா எங்க வேட்டை வழக்கத்தை விடமாட்டோம்."

"தாராளமாக! கருப்பசாமி மேல் சத்தியம்!"

சடைச்சி அன்றே ஊர் ஊராகப் போய் அந்த வழக்கத்தைச் சொல்லிவிட்டு வந்தாள்.

போட்டியன்று நானூறு பேரும் சட்டிபானையோடு வந்து நின்றார்கள். ஒரு அம்மாள் அண்டாவோடு, மசாலாவும் அரைத்தே கொண்டுவந்திருந்தாள்.

"இதெல்லாம் எதற்கு?" என்று சடைச்சியைக் கேட்டார் மிட்டாதார்.

"எங்க வேட்டை வழக்கப்படி, நின்னு பாத்தவங்களுக்கும் சரிபங்கு உண்டு சாமி. பத்தலேன்னா, வேட்டையைக் கூட்டினவர் தன் ஆட்டுப்பட்டியைத் திறந்துவிடணும்."

நானூறு தலைகளும் பட்டிப் பக்கம் திரும்பின. உள்ளே ஒரு ஆடு 'மே' என்றது.

"வேறு வழியே இல்லையா?"

"வேட்டை நடந்தாத்தானே சாமி பங்கு!"

"போட்டி ரத்து! காட்டுக்கு எப்போதும்போல் போய்வாருங்கள்!"

"அப்போ என் மசாலா?" என்று அலறினாள் அண்டா அம்மாள்.

மிட்டாதார் தோட்டத்துக் கத்தரிக்காய் அத்தனையும் அண்டாவில் குழம்பாகிக் கொதித்தது. முதல் கரண்டி கருப்பசாமிக்கு. ஓரமாக நின்று பார்த்த மிட்டாதாருக்கும், வழக்கப்படி, ஒரு பங்கு கொடுத்தாள் சடைச்சி.