நாற்பது வால்கள்

பாரசீகத்தில் ஒரு ராஜா இருந்தார். பெரிய வீரர், பெரிய அறிவாளி என்றெல்லாம் அவரே சொல்லிக்கொள்வார். நிஜத்தில் அவர் ஒரு குதிரைப் பைத்தியம். அவ்வளவுதான்.

லாயத்தில் நாற்பது குதிரைகள். குளிருக்கு ஒவ்வொன்றுக்கும் கம்பளி. தனியாக ஒரு வைத்தியர். வேளை தவறாமல் பார்லி, பேரீச்சம்பழம், தேன். நுக்ரா என்ற வெள்ளைக் குதிரை ஒரு தும்மல் போட்டால் அன்றைக்குச் சபையே கலைந்துவிடும். ஊரில் மனிதர்கள் இருமி இருமிச் செத்தார்கள். அதை யாரும் கேட்கவில்லை.

கேட்டது ஒரே ஒருத்தர். ராஜாவின் அத்தை, தில்ஷாத் கானும். ‘கானும்’ என்றால் அந்த ஊரில் சீமாட்டி என்று அர்த்தம். கணவர் இறந்ததும் கல்யாண நகைகளை விற்றார். கணவர் விட்டுப்போன ஆரஞ்சுத் தோட்டத்து மாளிகையில் ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி வைத்தார். அரச குடும்பத்துப் பெண்மணி, கஞ்சியைத் தானே கிண்டுவார்.

அவருக்கு ஒரே மகன், பஹ்மன் மிர்சா. காலையில் மீசைக்கு மை பூசுவார். சாயங்காலம் அந்த மை கலைந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பார்ப்பார். வேறு வேலை கிடையாது. விருந்து வைக்க அந்தத் தோட்டம் வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"அம்மா, என் சிநேகிதர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள்."

"சிரிக்கட்டும்டா. பாவம், அவர்களுக்கும் வேறு வேலை இல்லையே."

மகன் நேராக ராஜாவிடம் போய் வத்தி வைத்தார். "மன்னா, உங்கள் சொந்த அத்தை சொறி பிடித்தவர்களோடு உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். வம்சத்துக்கே கேவலம்."

ராஜா விசாரிக்கவெல்லாம் இல்லை. விசாரிக்க மூளை வேண்டுமே. உடனே அத்தையைக் கூப்பிட்டார்.

"அத்தை, தோட்டம் இனி பஹ்மனுக்கு. புத்தாண்டுக்குள் ஒரு நோயாளிகூட அங்கே இருக்கக் கூடாது. இருந்தால் சவுக்கடி."

"அவர்கள் எங்கே போவார்கள்?"

"எங்கேயோ போகட்டும். எனக்கென்ன?"

புத்தாண்டுக்கு மூன்றே நாள். வெளியே பனி இன்னும் கரையவில்லை. இருந்த நாற்பது பேரில் பாதிப் பேரால் எழுந்து நிற்கவே முடியாது. தெருவில் விட்டால் சாவுதான்.

கானும் சண்டை போடவில்லை. அழவில்லை. "உத்தரவு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மகனுக்கே சப்பென்று ஆகிவிட்டது.

புத்தாண்டு காலையில் ராஜா ஊர்வலத்துக்குத் தயாராக நின்றார். லாயத் தலைவர் குர்பான் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மன்னா, நுக்ராவைக் கொண்டுவர முடியாது."

"ஏன்? தும்மியதா?"

"இல்லை மன்னா. ஒரு கிழவர் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்."

"இழுத்துப் போடு அவனை! வேறு குதிரையைக் கொண்டு வா!"

"நாற்பது வாலிலும் நாற்பது பேர் மன்னா. கானும் அம்மாதான் வண்டி வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்."

ராஜாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏனென்றால் அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவின் லாயத்துக்குள் போய் ஒரு குதிரையின் வாலைப் பிடித்துவிட்டால் அது அடைக்கலம். கொலைகாரனாக இருந்தாலும் யாரும் தொடக் கூடாது. அவனாக எழுந்து போகும்வரை லாயத்திலிருந்தே சோறு. இதை மீறினால் ராஜாவின் குதிரைகள் எல்லாம் கால் ஒடிந்து விழும் என்று நம்பிக்கை. ராஜா வேறு எதை நம்பாவிட்டாலும் இதை நம்புவார்.

அத்தையை இழுத்து வரச் சொன்னார். அவர் நடந்தே வந்தார்.

"அத்தை, என்ன அக்கிரமம் இது?"

"நீங்கள்தானே சொன்னீர்கள், எங்கேயோ போகட்டும் என்று? அந்த எங்கேயோ இதுதான்."

"அது அடைக்கலம் தேடுகிறவர்களுக்கான இடம்!"

"தெரியுமே. உங்கள் சித்தப்பா வாளோடு துரத்தியபோது உங்களைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வாலைப் பிடிக்க வைத்தது யார்? நான்தான். அன்றைக்கு நீங்கள் என்னமாய் அழுதீர்கள்!"

சபையில் யாரோ கனைத்தார்கள். கனைப்புதானா என்று தெரியவில்லை.

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எத்தனை நாள் பிடித்திருப்பார்கள்? பார்த்துவிடுகிறேன்!"

பார்த்தார். புத்தாண்டுக்கு அவரே நடந்து போனார். தொப்பை முன்னால் போக அவர் பின்னால் போனார். ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. ஒரு வாரம் போனது. யாரும் வாலை விடவில்லை. ஒருவர் தூங்கினால் பக்கத்தில் இருப்பவர் இன்னொரு கையால் அவர் வாலையும் பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் ராஜா நடுங்கிப்போனார். புத்தாண்டின் பதிமூன்றாம் நாள் ஊர் வழக்கப்படி எல்லோரும் வெளியே, வயல்வெளிக்குப் போயாக வேண்டும். வீட்டோடு கிடந்தால் வருஷம் முழுக்கப் பீடை. ராஜா நடந்து போக அது என்ன கூப்பிடு தூரமா?

"அத்தை, தோற்றேன். தோட்டத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எழுதியே தருகிறேன்."

பஹ்மன் மிர்சா துள்ளினார். "மன்னா, அப்போது என் விருந்து?"

"வாயை மூடு. உன்னால்தான் என் கால் கொப்பளித்தது."

எழுதி முத்திரை வைத்ததும் கானும் தலையசைத்தார். நாற்பது பேரும் வாலை விட்டுவிட்டு எழுந்தார்கள். ராஜா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். படுத்த படுக்கையாக வண்டியில் வந்தவர்கள் இப்போது நடந்து போகிறார்கள். கன்னம்கூட உப்பியிருக்கிறது.

"அத்தை! என்ன மருந்து கொடுத்தீர்கள்?"

"நான் ஒன்றும் கொடுக்கவில்லை. உங்கள் லாயத்தில் பார்லியும் தேனும் தின்றார்கள். கம்பளி போர்த்திக்கொண்டார்கள். உங்கள் குதிரை வைத்தியர் நாடி பார்த்தார்."

ராஜாவுக்கு ஒரே பெருமை. தானே குணப்படுத்தியதுபோல விழுந்து விழுந்து சிரித்தார். "பார்த்தீர்களா என் தர்மத்தை! கேளுங்கள் அத்தை, இன்னும் என்ன வேண்டும்?"

"பெரிதாக ஒன்றும் வேண்டாம். இந்த ஊர் ஜனங்களை எல்லாம் குதிரைகள் என்று ஓர் உத்தரவு போட்டுவிடுங்கள். பிழைத்துக்கொள்வார்கள்."