கல்லுக்குள் போன பிட்டன்

முன்னொரு காலத்திலே, உடும்புகூட வாய் திறந்து பேசிய நாளிலே, கருங்கரடு என்று ஒரு சிற்றூர் இருந்தது. மாடுதான் அங்கே செல்வம். மாட்டைக் கொள்ளையடிக்க வருகிறவர்களை எதிர்த்துச் செத்தவன் அந்த ஊருக்குத் தெய்வம். அவன் பேரைச் செதுக்கிக் கல் நடுவார்கள், மயிற்பீலி சூட்டுவார்கள், கள் வார்த்துக் கும்பிடுவார்கள். பிழைத்து வந்தவனுக்கு? அவன் வீட்டில் கஞ்சி இருந்தால் கஞ்சி உண்டு, அவ்வளவுதான்.

வினை வந்ததே அங்கேதான். பிட்டன், அந்துவன் என்று இரண்டு சிநேகிதர்கள். ஒரே நாளில், ஒரே கணவாயில், முதுகோடு முதுகு ஒட்ட நின்று சண்டை போட்டு ஊர் மாட்டை மீட்டார்கள். அந்துவன் விழுந்தான், தெய்வமானான். பிட்டன் காலில் ஒரு வெட்டோடு நொண்டி நொண்டி வீடு வந்து, பழையபடி பிட்டனாகவே இருந்தான்.

முதலில் அழுதான். உண்மையாகத்தான் அழுதான். பிறகு ஊரே திரண்டு கல்லுக்கு மாலை போட்டதைப் பார்த்தான், வயிறு எரிந்தது. பிறந்த ஆண்பிள்ளைக்கெல்லாம் அந்துவன் என்று பேர் வைத்தார்கள், வயிறு எரிந்தது. சொந்த மனைவி நொச்சியே கறந்த முதல் பாலைக் கொண்டுபோய்க் கல்லுக்கு வார்த்தாள். வயிறு பற்றி எரிந்தது.

"நானும்தானே சண்டை போட்டேன்?" என்றான்.

"யாரு இல்லேன்னாங்க? நீங்க உசிரோட வந்தீங்க. அதுக்குத்தான் இந்தப் பாலு" என்றாள் நொச்சி.

அது அவன் காதில் ஏறவே இல்லை. பொறாமை அடைத்த காதில் எதுதான் ஏறும், சொல்லுங்கள்.

ஒரு நடுப்பகலில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கல்லின் எதிரே நின்று முறைத்துக்கொண்டிருந்தான். கல்லின்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த கிழட்டு உடும்பு ஒன்று தலையைத் தூக்கியது.

"என்ன பிட்டா, இந்த இடம் வேணுமா?"

பேசும் உடும்பைப் பார்த்துப் பயப்படக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. "வேணும்."

"யோசிச்சுச் சொல்லு."

"வேணும்."

"கடைசியாக் கேக்கறேன்."

"வேணும்னா வேணும்."

"அப்போ என்னை மாதிரி கல்லை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லு. என் இடம் உனக்கு, உன் இடம் எனக்கு."

"திரும்பி வரணும்னா?"

"அந்துவன் நல்லா இருக்கணும்னு மனசார நினைச்சாப் போதும்" என்றது உடும்பு. "உன்னால அது முடியுமான்னு எனக்குத் தெரியாது."

பிட்டன் கல்லைக் கட்டிக்கொண்டு சொன்னான். என் இடம் உனக்கு, உன் இடம் எனக்கு. என் இடம் உனக்கு, உன் இடம் எனக்கு. மூன்றாம் தடவை சொல்லி வாய் மூடுவதற்குள் அவன் கல்லுக்குள்ளே இருந்தான். வெளியே அவன் உடம்பு நின்றது, அதற்குள் அந்துவனின் உயிரோடு. அது தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு நொண்டிக்கொண்டே ஊரைப் பார்த்து நடந்தது.

பிட்டனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாலை போட்டார்கள்; மணம் தெரியவில்லை. கள் வார்த்தார்கள்; அது கல்லின்மேல் வழிந்து மண்ணுக்குப் போனது, இவன் தொண்டை காய்ந்தபடியே கிடந்தது. எல்லாரும் கைகூப்பிக் கூப்பிட்டார்கள், "அந்துவா, அந்துவா" என்று. கல்லில் இருந்த பேர் அதுதானே. "நான் பிட்டன்" என்று கத்தினான். கல் எங்கே பேசும்?

சாயங்காலம் அந்துவன் வந்தான். தோளில் பிட்டனின் சின்ன மகள் உட்கார்ந்திருந்தாள்.

"பிட்டா, உள்ளேதானே இருக்கே?" என்று கல்லில் காதை வைத்துக் கேட்டான். "தினமும் நீ வீட்டுக்குப் போறதை இதுக்குள்ள இருந்து பார்த்து நான் எவ்வளவு பொறாமைப்பட்டேன் தெரியுமா? பயப்படாதே. மாட்டுக் கொட்டில்லதான் படுத்துக்கறேன். நொச்சி எனக்குத் தங்கச்சி. ஆனா அவ வைக்கிற கொள்ளுக் குழம்பு இருக்கே, அடடா."

பிட்டன் துடித்துப் போனான். இதுவரை கல்லைப் பார்த்துப் பொறாமை; இனி தன் காலையும் வாயையும் பார்த்தே பொறாமை. அந்தக் குழம்பு அவனுடையது, அந்தக் குழந்தை அவனுடையது. ஆத்திரத்தில் அந்துவன் நாசமாய்ப் போகட்டும் என்று சபித்தான். சபிக்கச் சபிக்கக் கல் அவனை இறுக்கியது.

மறுநாள் விடியற்காலையில் கொள்ளைக்காரர்கள் மறுபடியும் வந்தார்கள். மேய்ப்பவர்கள் ஓடிவந்து கல்லைக் கட்டிக்கொண்டு, "அந்துவா, காப்பாத்து" என்று அழுதார்கள். கல்லுக்குள் இருந்தவனால் விரல்கூட அசைக்க முடியவில்லை. கல்லுக்கு முன்னால் ஒரே ஒருவன் வேலோடு போய் நின்றான், அந்த நொண்டிக் காலோடு.

பிட்டனுக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? இவன் செத்தால் இன்னொரு கல் நடுவார்கள், அதில் என் பேர் இருக்கும் என்று தோன்றியது. வெட்கம்தான், ஆனால் தோன்றியது.

அப்போது நொச்சி உலக்கையோடு ஓடிவந்தாள். "மாடு போனாப் போகுது, நீங்க வந்துடுங்க" என்று கெஞ்சினாள்.

அந்துவன் திரும்பாமலே சொன்னான்: "தள்ளிப் போம்மா. உன் புருஷன் உடம்பை முழுசாத் திருப்பிக் கொடுக்கணும்னுதான் நானும் பார்க்கறேன். ஆனா இவங்களை விட்டா ஊரு பட்டினி."

நொச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. கல்லுக்குள் இருந்தவனுக்குப் புரிந்தது. இரவல் உடம்பையும் பத்திரமாய்ப் பார்த்துக்கொண்டு இரண்டாவது தடவையும் சாக நிற்கிறானே இவன் என்று பிட்டனுக்கு உறைத்தது. "கல்லும் வேண்டாம், பேரும் வேண்டாம். ஒருதடவை செத்தது போதும்டா உனக்கு. நீ நல்லா இருக்கணும்" என்று மனசார நினைத்தான்.

படீரென்று கல் பிளந்தது. பிட்டன் தன் காலில், தன் கையில் வேலோடு நின்றான். பிளந்த கல்லிலிருந்து சொந்த உடம்போடு, தலையில் மயிற்பீலி ஆட, அந்துவன் இறங்கி வந்து அவன் முதுகோடு முதுகு ஒட்டி நின்றான். போன சண்டையில் தாங்களே குத்திக் கொன்றவன் எழுந்து வருவதைப் பார்த்த கொள்ளைக்காரர்கள் வேல்களைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார்கள்.

ஊர்த் தலைவர் ஓடிவந்து கும்பிட்டார். "உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பெரிய கல்லா நடுறோம்" என்றார்.

"கல்லு வேண்டாம் ஐயா" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். "சோறு போடச் சொல்லுங்க."

நொச்சி இலை போட்டாள். முதல் அகப்பைக் குழம்பை அந்துவனுக்கு ஊற்றினாள். பிட்டன் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். எரிச்சல் இல்லை. பசிதான்.

அவர்கள் வயிறாரச் சாப்பிட்டுக் கை கழுவினார்கள். கதை கேட்ட நீங்களும் எழுந்துபோய்ச் சாப்பிடுங்கள், பக்கத்து இலையை மட்டும் பார்க்காதீர்கள்.