மகளுக்குப் போட்ட நட்சத்திரம்

பேராசிரியர் செண்பகவடிவிடம் மொழியியல் ஆய்வு செய்ய வந்த சவரிமுத்துவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆசிரியை அவரைவிடப் பத்து வயது சின்னவர். அவர் இவரை அண்ணாச்சி என்பார், இவர் அவரை மேடம் என்பார்.

அன்று சவரிமுத்து முகம் வாடி வந்து நின்றார்.

“மேடம், நட்சத்திரக் குறிக்கு என்னதான் அர்த்தம்?”

நாலு வருஷமாக வாக்கியங்களுக்கு நட்சத்திரம் போட்டுத் தள்ளிய மனிதர் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் ஆசிரியை சிரிக்கவில்லை.

“என்ன ஆச்சு, அண்ணாச்சி?”

மகள் பெனிட்டா புருஷனோடு ஒத்துவராமல் கோயம்புத்தூரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தாள். வீட்டுக்கு வந்துவிடு என்று அப்பா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டதற்கு, ‘நான் வந்தா உங்களுக்குப் பாரம்’ என்று பதில் போட்டிருந்தாள்.

சவரிமுத்து அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பெற்ற அப்பனிடம் பிள்ளை சொல்கிற வாக்கியமா இது? யாரும் சொல்லாத, சொல்லவே முடியாத வாக்கியத்துக்கு முன்னால் மொழியியல்காரர்கள் நட்சத்திரம் போடுவார்கள். அவரும் அவள் வாக்கியத்துக்கு முன்னால் ஒன்றைப் போட்டு அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்!

“‘புரிஞ்சிட்டுப்பா’ன்னு ஒரு வரி போட்டா, மேடம். அதுக்கப்புறம் போனை எடுக்கவே மாட்டேங்கா.”

ஆசிரியை தன் போனில் ஆய்வு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து காட்டினார். போன வாரம் அவரே அனுப்பியதுதான். ‘எல்லாரும் செவ்வாய் வாங்க.’ அதற்குக் கீழே, ‘*புதன்’.

“நீங்க என்னைக்கு வந்தீங்க?”

“புதன்கிழமை.”

“ஏன்?”

“செவ்வாய் தப்பு, புதன்தான் சரின்னு நீங்க நட்சத்திரம் போட்டு…”

‘நீ சொன்னதுதான் சரி, ஆமாம், நீ பாரம்தான்’ என்று மகளுக்கு நாமே எழுதி அனுப்பியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பாவம், மனிதர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பேனாவை எடுத்தார். மொழியியலில் நட்சத்திரம் எதைக் குறிக்கும், இணையத்தில் எதைக் குறிக்கும், தான் எதை நினைத்துப் போட்டேன் என்று தாளின் இரண்டு பக்கமும் நிறைய எழுதி, அடிக்குறிப்பும் சேர்த்து நீட்டினார். ஆசிரியை பொறுமையாக வாசித்தார்.

“ரொம்பத் தெளிவா இருக்கு, அண்ணாச்சி. நம்ம துறை இதழுக்குக் கொடுத்துருங்க.”

“அப்போ பெனிட்டாவுக்கு எதை அனுப்ப?”

ஆசிரியை எழுந்து, அவருடைய பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“உங்களைத்தான்.”