ஓணான் ஒப்புக்கொண்ட நிபந்தனை

அந்தக் காலத்தில் ஓணானுக்குக் குரல் இருந்தது. சும்மா ஒரு குரல் இல்லை. ஆற்றோர வேலியில் முள்ளாண்டி என்று ஓர் ஓணான் இருந்தது. அது காலையில் ஓர் இழுப்பு இழுத்தால் குயில் வெட்கப்பட்டு இலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அப்போது மரங்கள் அரைத் தூக்கத்தில்தான் வளர்ந்தன. மூடுபனி எழுந்து போக மனமில்லாமல் மத்தியானம்வரை ஆற்றுமேல் படுத்துக் கிடக்கும். பேசத் தெரியாத உயிர் ஒன்றுகூடக் கிடையாது.

முள்ளாண்டிக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். மனைவி பெயர் கோவைக்கொடி. ஆடி பிறந்ததும், ஊர் வழக்கப்படி, அக்கரையிலிருந்து அவள் அண்ணன் வந்து தங்கையை அழைத்துப் போனான். புறப்படுகிற நேரத்தில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒன்றுமில்லாத ஒரு விஷயத்துக்குச் சண்டை. முள்ளாண்டி, அத்தனை நல்ல குரலை வைத்துக்கொண்டு, "போனா போ!" என்று சொல்லிவிட்டது.

ஆடிப் பதினெட்டில் ஆறு பெருகியது. ஆவணி வந்தும் வடியவில்லை. எவ்வளவு இழுத்துப் பாடினாலும் வெள்ளத்தின் இரைச்சல் முள்ளாண்டியின் குரலைப் பாதி ஆற்றிலேயே விழுங்கியது. 'திரும்பி வா' என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல். அதைக் கொண்டுபோகத்தான் வழியில்லை.

அப்போதுதான் சிலந்தி வந்தது.

"தம்பி, அக்கரைக்கும் இக்கரைக்கும் என் இழை ஓடுது. காத்துல மிதந்து போய்க் கட்டிட்டு வந்தேன். இந்த நுனியில நீ பேசு, அந்த நுனியில உன் வீட்டுக்காரி கேப்பா."

"என்ன விலை?"

"விலையா? சுத்த இலவசம்."

"அப்புறம் உனக்கு என்ன லாபம்?"

"உங்க சந்தோஷந்தான் தம்பி," என்ற சிலந்தி, எட்டுக் கண்ணையும் வரிசையாகச் சிமிட்டியது. "ஒரு சின்ன சம்பிரதாயம் மட்டும் இருக்கு. நம்ம ஆள் நிபந்தனைகளை வாசிப்பான். நீ தலையை ஆட்டினாப் போதும்."

நம்ம ஆள் என்பது கொசு. தொண்டையைச் செருமிக்கொண்டு முள்ளாண்டியின் காதருகே வந்து, மூச்சுவிடாமல், "ஙொய்ய்ய்ய்ய்" என்று தொடங்கியது.

"எத்தனை இருக்குப்பா?" என்றது முள்ளாண்டி.

"மூவாயிரத்து நூறு. இப்பத்தான் முதலாவதுல பாதி வந்திருக்கேன்."

"நீ வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு வாலே விழுந்துடும்." முள்ளாண்டி தலையை ஆட்டியது. கொசுவின் முகம் வாடிப்போனது. பாவம், இரண்டாவது நிபந்தனையைக் காதுகொடுத்துக் கேட்டவர் அதுவரை யாருமே இல்லை.

இழை வேலை செய்தது என்பதை மறுக்கக் கூடாது. பனித்துளி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சொல் சுருண்டு படுத்து, நடுங்கி நடுங்கி ஆற்றைக் கடந்து வந்தது.

"ஏங்க... சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு எறும்பு."

"வெறும் எறும்பா? இங்க அண்ணன் வீட்டுல தினமும் வெட்டுக்கிளி."

முள்ளாண்டிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மனதைத் தேற்றிக்கொண்டு, "கொடி, ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தபோது இழை தொய்ந்துபோயிற்று.

"புது இழை வந்திருக்கு," என்றது சிலந்தி. "பழையதைவிட மெலிசு."

"பழைய இழைல என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. பழசுங்கிறதுதான் குறை. புதுசுக்குப் புது நிபந்தனை, தலையை ஆட்டு."

ஆட்டியது. மறுநாளும் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து இன்னொரு புது இழை, இன்னொரு ஆட்டல். அதற்கும் மறுநாள் இழையின் நிறம் மாறியிருந்தது. அதற்கு மூன்று ஆட்டல். வாரக் கடைசியில் கொசு வாயைத் திறப்பதற்கு முன்பே முள்ளாண்டியின் தலை தானாக ஆடியது.

ஒரு விடியற்காலை. அக்கரையிலிருந்து கோவைக்கொடியின் குரல் மிக மெல்ல வந்தது.

"ஏங்க, அண்ணன் எனக்கு இங்கயே ஒரு பொந்து பாத்துட்டான். இருந்துடுங்கிறான். நீங்க அன்னைக்குப் போனா போன்னீங்க. தண்ணி வடிஞ்சதும் நான் வரட்டுமா, வேண்டாமா? உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க."

முள்ளாண்டி வாயைத் திறந்தது. குரல் வரவில்லை. தொண்டையைப் புடைத்துப் பார்த்தது. காற்றுகூட வரவில்லை.

"கேக்குதா? அங்கதான இருக்கீங்க?"

முள்ளாண்டி தலையை ஆட்டியது. ஆட்டு ஆட்டென்று ஆட்டியது. ஆனால் இழையில் குரல் போகும், தலையாட்டல் போகாது. பிறகு, "சரி," என்று ஒரே ஒரு துளி வந்து உடைந்தது.

முள்ளாண்டி ஓடிப்போய்ச் சிலந்தியின் முன் நின்று தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டியது. சிலந்தி கொசுவைப் பார்த்தது.

"இருநூற்று ஏழாவது நிபந்தனை," என்றது கொசு. "இழையில் ஓடிய குரல் இழைக்கே சொந்தம். இருநூற்று எட்டு: குறை ஏதும் இருந்தால் வாய்மொழியாக மட்டும் தெரிவிக்கவும்."

முள்ளாண்டியின் குரல் அதற்குள் துண்டு துண்டாக விற்றுப்போயிருந்தது. ஒரு துண்டைப் பல்லி வாங்கியது. பாட்டுப் பாடலாமென்று வாங்கினால், "த்சொ த்சொ" என்று அனுதாபப்படுகிற பகுதிதான் அதற்கு வாய்த்தது.

முள்ளாண்டி வேலியின் உச்சி முள்ளில் ஏறி உட்கார்ந்தது. அக்கரையைப் பார்த்துத் தலையை ஆட்டியது. மூடுபனியில் யார் பார்ப்பார்கள்? ஆட்டியது. வராத குரலை முக்கி முக்கிக் கழுத்தெல்லாம் ரத்தமாய்ச் சிவந்தது. வண்ணத்துப்பூச்சிகள் அதை ஒரு பூவென்று நினைத்து வந்து, ஆடுகிறதே என்று திரும்பிப் போயின. எத்தனை நாள் என்று அந்த வேலியைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு நாள் பனி கொஞ்சம் சோம்பலை விட்டு விலகியது. அக்கரையில் அண்ணன் கண்ணை இடுக்கிக்கொண்டு, "அங்க பாரு புள்ள, வேலி மேல ஏதோ செக்கச்செவேல்னு ஆடுது. காத்துகூட இல்லையே!" என்றான்.

கோவைக்கொடி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"காத்து இல்லண்ணே. அது என் வீட்டுக்காரரு. வான்னு சொல்றாரு."

வெள்ளத்தில் மிதந்து வந்த வாழைத்தண்டில் தொற்றி, சுழலில் இரண்டு முறை சுற்றி, நனைந்த வாலோடு இக்கரை ஏறினாள்.

"இதை வாயால சொன்னா முத்து உதிர்ந்துடுமாக்கும்?"

முள்ளாண்டி தலையை ஆட்டியது.

"எதைக் கேட்டாலும் ஆட்டுவீங்களா?"

அதற்கும் ஆட்டியது. அவள் சிரித்துவிட்டாள்.

அன்று பிடித்ததுதான்: ஓணான் கழுத்துச் சிவக்க வேலிமேல் நின்று தலையாட்டுவதும், பெண் ஓணான் அதையே பேச்சாக எடுத்துக்கொண்டு பக்கத்தில் வருவதும். கொசுவுக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை. மிச்ச நிபந்தனைகளை யாராவது ஒருவராவது கேட்டுவிட மாட்டார்களா என்று, பொழுது சாய்ந்ததும் ஒவ்வொரு காதாகத் தேடி வந்து வாசிக்கத் தொடங்குகிறது. நாமும் கையிலிருக்கும் புதுக் கைபேசியில் 'சம்மதம்' என்பதைத் தொட்டுக்கொண்டே, மற்றக் கையால் அந்தக் கொசுவை அடித்துவிடுகிறோம்.