மஞ்சள்தூள் போட்ட கார்

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் ஒரு கார்ப் பட்டறை. பாதி நாள் மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். அங்கே ஒரு குரு இருந்தார். பெயர் கிளாரா. வயது நாற்பது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்.

அவருடைய சீடர் பரஞ்சோதிக்கு வயது ஐம்பத்திரண்டு. நாமக்கல்லில் லாரி மெக்கானிக்காக நல்ல பேர் எடுத்தவர். ஸ்போர்ட்ஸ் கார் வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்பியபோது, இந்த வயதில் இது தேவையா என்று மனைவி கேட்டார். அவர் பஸ் ஏறிவிட்டார்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்த காரைப் பழுதுபார்த்தவரே ஓட்ட வேண்டும். குரு செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்து இருக்கையில் வெறுங்காலோடு உட்கார்ந்துகொள்வார். மேட்டுக்கு ஏறித் திரும்பி வரும்வரை கோளாறு எதுவும் தெரியவில்லை என்றால், சாவியைச் சொந்தக்காரர் கையில் கொடுக்கும் உரிமை பழுதுபார்த்தவருக்குக் கிடைக்கும்.

பரஞ்சோதி வந்து ஒரு வருடம் ஓடிவிட்டது. ஒரு சாவிகூட அவர் கையால் போகவில்லை. அந்த ஒரு நாளுக்காக மனிதர் ஏங்கிக் கிடந்தார்.

ஒருமுறை அவர் குருவிடம் கேட்டார். "எதுக்குங்க வெறுங்காலு?"

"உள்ள எங்கயாவது ஒழுகினா கால்மிதிதான் முதல்ல நனையும். கண்ணுல படறதுக்கு முன்னாடி காலுக்குத் தெரிஞ்சுரும்ணா."

"உங்களுக்குத்தான் உட்கார்றதுக்கு முன்னாடியே எல்லாம் தெரியுமுங்களே, குருவே."

கிளாரா சிரித்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடிப் போனார்.

பரஞ்சோதி விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கார் வளைவில் திரும்பும் சத்தத்தை வைத்தே அதன் நோயைச் சொல்லிவிடுவார் கிளாரா என்று ஊரில் பேச்சு. அதில் பாதிதான் உண்மை. ஆனால் பரஞ்சோதி முழுவதையும் நம்பினார். கூடுதலாகக் கொஞ்சம் அவரே சேர்த்துக்கொண்டார்.

அந்த வாரம் ஒரு சிவப்பு நிறக் கார் வந்தது. இரண்டே இருக்கை, தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்த உடம்பு. ஹீட்டரைப் போட்டால் இனிப்பாக ஒரு வாசம். முன்கண்ணாடி உள்பக்கம் பிசுபிசுத்தது. இடது பக்கக் கால்மிதி தொப்பலாக நனைந்திருந்தது.

கிளாரா விரலால் தொட்டுப் பார்த்தார். பச்சையாக ஒட்டியது.

"கூலன்ட். ஹீட்டர் கோர் போயிருச்சு."

லாரிக்காரரான பரஞ்சோதிக்கு ஹீட்டர் புதிது. நாமக்கல் வெயிலில் யார் ஹீட்டர் போடுவார்கள்?

"டேஷ்போர்டுக்குப் பின்னால ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்குண்ணா. இன்ஜின் சூட்டை ஆத்துற கூலன்ட் தண்ணி கொதிக்கக் கொதிக்க அதுக்குள்ள போய் வரும். அந்தச் சூட்டுலதான் உள்ள வெதுவெதுன்னு காத்து வருது. அது அரிச்சுப்போச்சுன்னா, கொதிக்கிறது நேரா உட்கார்ந்திருக்கிறவங்க கால்லதான் கொட்டும்."

"அடைச்சுரலாமுங்களா?"

"கூடாது. மாத்தணும். புதுக் கோர் அந்தப் பெட்டில இருக்கு. டேஷ்போர்டு மொத்தத்தையும் வெளிய எடுத்துத்தான் மாத்தணும். நான் கோயம்புத்தூர் போறேன், நாளன்னைக்கு வருவேன். இது உங்க வேலை. சாவியும் நீங்கதான் கொடுக்கப்போறீங்க."

பரஞ்சோதிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலை டேஷ்போர்டின் அடியில் படுத்து முதல் திருகாணியைக் கழற்றினார். இரண்டாவதைக் கழற்றும்போது படக்கென்று ஒரு சத்தம். பழைய பிளாஸ்டிக். அடிப்பக்கம் ஒரு பிடி உடைந்து கையில் வந்துவிட்டது.

மல்லாந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த டேஷ்போர்டு இனி எந்தக் கடையிலும் கிடைக்காது என்று கிளாரா சொல்லியிருந்தார். இன்னும் எத்தனை பிடி இருக்கிறது, எத்தனை உடையும்?

கழற்றிய திருகாணிகளை மறுபடி முடுக்கினார். கடைக்குப் போய் மஞ்சள்தூள் வாங்கி வந்தார்.

லாரி ரேடியேட்டர் நடுவழியில் ஒழுகினால் டிரைவர்கள் செய்கிற வைத்தியம் அது. மஞ்சளைக் கொட்டினால் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும், ஊர் போய்ச் சேரலாம். பரஞ்சோதி ரேடியேட்டர் மூடியைத் திறந்து தாராளமாகவே கொட்டினார். இன்ஜினை ஓடவிட்டார். ஒழுகல் நின்றது. ஹீட்டருக்குள் சூடு போகிற வழியும் அதோடு அடைத்துக்கொண்டது.

சொந்தக்காரர் கோயம்புத்தூர்க்காரர், அங்கே ஹீட்டர் எதற்கு என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். தப்பாக இருந்தால் குரு எப்படியும் கண்டுபிடித்துவிடுவார் என்று இன்னொரு சமாதானம். இந்த இரண்டாவதுதான் அவரை நிம்மதியாகத் தூங்க வைத்தது.

கிளாரா வந்தார்.

"மாத்தியாச்சாண்ணா?"

"சரியாயிருச்சுங்க."

மாற்றினேன் என்று அவர் சொல்லவில்லை. அதை ஒரு பெரிய நேர்மையாக நினைத்துக்கொண்டார்.

கிளாரா காருக்குள் குனிந்து டேஷ்போர்டைத் தடவிப் பார்த்தார். "ஒரு கீறல்கூட இல்லையே! எனக்கே இவ்வளவு சுத்தமா வராதுண்ணா."

பரஞ்சோதிக்குத் திக்கென்றது. நக்கல் பண்ணுகிறார், தெரிந்துவிட்டது என்று நினைத்தார். வாயைத் திறக்கப் போனார். அதற்குள் கிளாரா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எடுங்க. கார்க்காரங்க புருஷன் பொண்டாட்டியா சாயங்காலம் வர்றாங்க."

கார் மேடேறியது. இரண்டு பக்கமும் தேயிலை. மூடுபனி சாலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னண்ணா, இந்தக் குளிர்ல வேர்க்குது?"

"ஒண்ணுமில்லீங்க."

"முதல் சாவி இல்ல? எனக்கும் இப்படித்தான் வேர்த்துச்சு."

சோதிக்கிறார் என்று பரஞ்சோதி நினைத்தார். நானே சொல்லட்டும் என்று காத்திருக்கிறார். அடுத்த வளைவில் சொல்லிவிடலாம்.

அடுத்த வளைவு வந்தது. போனது.

"ஹீட்டர் போடறேன்."

"வேண்டாமுங்க."

"போடாம எப்படித் தெரியும்?" கிளாரா குமிழைத் திருகினார். கையை வைத்துப் பார்த்தார். "காத்து சூடாவே வரலையே."

சொல்ல வேண்டியதெல்லாம் பரஞ்சோதியின் நாக்கு நுனியில் இருந்தது. அதைத் தள்ளிவிட்டு வேறொன்று வந்தது.

"புதுக் கோருங்களே. கொஞ்சம் நேரமாகுமுங்க."

இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் அவரைத் திட்டியிருக்கிறார்கள். நானும் திட்டினேன்.

"அப்படியா? சரிண்ணா," என்றார் கிளாரா.

சற்றுத் தூரம் போனதும் மூக்கை உறிஞ்சினார். "மஞ்ச வாசம் அடிக்குதில்ல?"

பரஞ்சோதி ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கிளாரா சரிவில் தெரிந்த தோட்டத் தொழிலாளர் வீடுகளைப் பார்த்தார். "கீழ யாரோ குழம்பு வெக்கிறாங்க போல."

இவ்வளவு தெரிந்தும் எப்படி நடிக்கிறார் பார் என்று பரஞ்சோதி வியந்தார். பயத்தின் நடுவிலும் அவருக்குக் குருவை நினைத்துப் பெருமையாக இருந்தது. ஆபத்து என்றால் காலை எடுத்துக்கொள்ள மாட்டாரா? எடுக்கவில்லை. அப்படியானால் ஆபத்தில்லை.

கொண்டை ஊசி வளைவு வந்தது. செங்குத்தான ஏற்றம். பரஞ்சோதி கியரைக் குறைத்து ஆக்சிலேட்டரை மிதித்தார். இன்ஜின் உறுமியது.

டேஷ்போர்டுக்குள் ஏதோ வெடித்தது.

உள்ளே எல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஆவி. முன்கண்ணாடி தெரியவில்லை, சாலை தெரியவில்லை, பக்கத்தில் இருப்பவர் தெரியவில்லை. கொதிக்கிற தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு மேலே, "அம்மா!" என்று ஓர் அலறல்.

குரு குரலை உயர்த்திப் பரஞ்சோதி கேட்டதே இல்லை. அது யாருடைய குரல் என்று அவருக்கு ஒரு நொடி புரியவில்லை.

பிரேக்கை மிதித்தார். கைபிரேக்கை இழுத்தார். இறங்கி ஓடி இடது பக்கக் கதவைத் திறந்தார். கிளாரா கதவோடு சரிந்து வெளியே விழுந்தார். முழங்காலுக்குக் கீழே பழுப்பு மஞ்சளாகச் சேறு அப்பியிருந்தது. அதிலிருந்து ஆவி பறந்தது. பாதங்கள் இரண்டும் சிவந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உப்பின.

பரஞ்சோதி அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சாலையோரம் தேயிலைக்கு நடுவே ஓர் ஓடை. கரையில் உட்காரவைத்துக் கால்களைத் தண்ணீரில் விட்டார். மஞ்சள் கரைந்து ஓடையோடு போனது. ஒரு பாதத்திலிருந்து தோலும் கொஞ்சம் அதோடு போனது.

பரஞ்சோதி அதைப் பார்த்தார். அப்படியே தண்ணீரில் உட்கார்ந்தார்.

கிளாரா பல்லைக் கடித்தபடி கேட்டார். "ஹோஸ் கழண்டுருச்சா? கிளாம்ப் சரியா முடுக்கலையாண்ணா?"

"ஹோஸ் இல்லீங்க."

"பின்ன? புதுக் கோர் எப்படி வெடிக்கும்?"

பரஞ்சோதியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"புதுக் கோரு பெட்டியிலயேதானுங்க இருக்குது. நான் மாத்தலீங்க."

ஓடை ஓடிக்கொண்டிருந்தது.

"டேஷ்போர்டு ஒடஞ்சிருமோன்னு பயந்துட்டனுங்க. மஞ்சத்தூளைக் கொட்டி அடைச்சனுங்க."

கிளாரா கண்ணை மூடிக்கொண்டார். வலியாலா, கேட்டதாலா என்று தெரியவில்லை. மேலே சாலையில் அந்தச் சிவப்புக் கார் இரண்டு கதவும் திறந்து கிடக்க நின்றுகொண்டிருந்தது. எதிரே வந்த ஜீப் ஒன்று அதைப் பார்த்து நின்றது. டிரைவர் என்ன ஆச்சு என்று கத்தினார். ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று பரஞ்சோதி பதிலுக்குக் கத்தினார். ஜீப் டிரைவர் இறங்கி வரத் தொடங்கினார்.

பரஞ்சோதி அவசரமாகக் கிளாராவின் பக்கம் குனிந்தார். அந்த ஆள் வருவதற்குள் ஒன்றைக் கேட்டுத் தீர்த்துவிட வேண்டும் போலிருந்தது.

"குருவே, உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களே?"

பரஞ்சோதி இன்னும் கிட்டே நகர்ந்தார்.

"காத்து சூடா வரலைன்னு கண்டுபிடிச்சீங்க. மஞ்ச வாசம்னு சொன்னீங்க. மத்தவங்களுக்கு வேணா தெரியாம இருக்கும், உங்களுக்குத் தெரியாம இருக்குமுங்களா? நானா வாயைத் திறந்து சொல்லட்டும்னுதானே காலை எடுக்காம உட்கார்ந்திருந்தீங்க? எனக்குப் புத்தி வரணும்னுதானுங்களே?"

ஆமாம் என்று சொல்லிவிடமாட்டாரா என்று கெஞ்சுகிற குரல் அது.

கிளாரா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இல்லண்ணா," என்றார். "எனக்குத் தெரியாது. சரியாயிருச்சுன்னு நீங்க சொன்னீங்க."