எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து

"எல்லாத்துக்கும் ஒத்துவர்ற மாதிரி ஒரே மருந்து சொல்லுங்க மாஸ்டர்" என்றாள் லில்லிபுஷ்பம்.

மெற்றில்டா துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்தெந்தத் துப்பாக்கிக்கு?"

"எங்கிட்ட இருக்கிற ரெண்டுக்கும். ஒண்ணு குட்டைத் தோட்டா, ஒண்ணு நெட்டைத் தோட்டா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு டப்பான்னு வச்சுக்கிட்டு என்னால மாரடிக்க முடியல."

சுட்டபின் தரையில் விழும் பித்தளைக் கூடுகளை அங்கே யாரும் எறிவதில்லை. கழுவி, மறுபடியும் வெடிமருந்து போட்டு, மேலே ஈயக்குண்டை வைத்து அடைத்தால் அது மறுபடியும் தோட்டா. கடையில் வாங்குவதைவிட மலிவு. தன் கைக்குத் தோதாகவும் இருக்கும்.

ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரி ஒன்று. அதுதான் துப்பாக்கிக் கழகம். மூன்று பக்கமும் பாறை, ஒரு பக்கம் கேட். கேட்டுக்கு உள்ளே மெற்றில்டா மாஸ்டர்.

கேட்டுக்கு வெளியே அவள் வெறும் மெற்றில்டா. கான்வென்டில் லில்லிபுஷ்பத்துக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவள். மௌன மணி அடித்த பிறகும் பேசி, வெயிலில் முட்டி போட்டவள்.

உள்ளே வந்தால் லில்லிபுஷ்பம் அவளை 'நீங்க' என்பாள். மெற்றில்டா எங்கே இருந்தாலும் இவளை 'அக்கா' என்பாள்.

"மருந்து போடும்போது கூட யாரு இருக்கா, அக்கா?"

"யாரு இருப்பா? நான் மட்டும்தான். ரோஷினி அடுத்த ரூம்ல தூங்குவா."

"முழிச்சுக்கிட்டா?"

"எழுந்து போவேன். வேற என்ன பண்ண?"

"அப்ப நான் என்ன மருந்து சொல்றது. ரோஷினிதான் சொல்லணும்."

மெற்றில்டா துணியை உதறி மடித்துவிட்டு வெளியே போய்விட்டாள். அன்று மாவட்ட அணிக்குத் தேர்வு. இலக்குகளை நட வேண்டியிருந்தது.

ரோஷினிக்கு ஒன்றரை வயது. அவள் வாயில் தெளிவாக வருகிற ஒரே வார்த்தை 'வேணாம்'.

*

லில்லிபுஷ்பத்துக்கு எல்லாவற்றுக்கும் பயம்.

கேஸ் சிலிண்டரை மூடியிருந்தாலும் மறுபடி போய் மூடுவாள். பிள்ளை மூச்சு விடுகிறதா என்று மூக்கின்கீழ் விரல் வைத்துப் பார்ப்பாள். படிக்கட்டு பயம், நாய் பயம், தண்ணீர் வாளி பயம்.

கையை நீட்டி, மூச்சைப் பிடித்து, இலக்கைப் பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் பயம் இருக்காது.

பள்ளியில் என்.சி.சி.யில் கண்டுபிடித்தாள் அதை. கல்யாணம் ஆனபின் விட்டாள். பிள்ளை பிறந்தபின் அது இல்லாமல் முடியாது என்று தெரிந்தது. அணியில் எடுத்தால் வாரம் மூன்று நாள் பயிற்சி, கழகச் செலவில். எடுக்காவிட்டால், எப்போதாவது கணவனுக்கு மனசு வரும் ஞாயிற்றுக்கிழமை.

இன்றைக்குக் கணவனுக்கு டியூட்டி. ரோஷினிக்கு லேசாக உடம்பு சுட்டது. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்து, பாறைக்குப் பின்னால் இருந்த ஆபீஸ் அறையில் சேலைத் தொட்டில் கட்டிப் போட்டிருந்தாள்.

தோட்டாக்களை இனிமேல்தான் அடைக்க வேண்டும். மருந்து எது என்று கேட்டால் மாஸ்டர் இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

"அவ அப்படித்தான்" என்றார் ராயப்பன். "மணி என்னன்னு கேட்டா, எதுக்கு, பசிக்குதா?ன்னு கேப்பா."

ராயப்பன் உரக்கடைக்காரர். கழகத்தின் பழைய உறுப்பினர். ஆபீஸ் அறையிலிருந்த தன் அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார்.

"இத போடு. கடுகு மாதிரி பொடிமணி. அடியில ஒரு சிட்டிகை கிடந்தா போதும், குட்டைக்கும் ஆச்சு, நெட்டைக்கும் ஆச்சு. ஒரு டப்பா வருசம் பூரா வரும்."

"அந்தக் கீழ்த்தட்டுல இருக்கிறது?"

"அதுவும் ரெண்டுக்கும் ஆகும்தான். ஆனா அவல் மாதிரி உப்பலா இருக்கும். ஒரு தோட்டாவுக்கே பாதிக் கூட்டுக்கு மேல போடணும். குடும்பப் பொண்ணு வாங்குற சாமானா அது?"

லில்லிபுஷ்பம் ராயப்பன் டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

*

அங்கேயே மேஜையில், கூடுகளைப் பலகைக் குழிகளில் வரிசையாக நிறுத்தினாள். இன்று சுடப்போகிற துப்பாக்கிக்கான அளவைப் புத்தகத்தில் பார்த்துத் தராசில் சரி பண்ணி, அளவுக் கரண்டியால் ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டே போனாள்.

ரோஷினி அழுதாள்.

எழுந்து தொட்டிலுக்குப் போனாள். உடம்பைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் மருந்தைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டினாள். கொஞ்ச நேரம் தொட்டிலை ஆட்டினாள். திரும்பி வந்தாள்.

விட்ட இடத்திலிருந்து ஊற்றி முடித்தாள்.

குண்டுகளை வைத்து அடைத்தாள். பெட்டியில் அடுக்கினாள்.

*

"அடுத்தது, லில்லிபுஷ்பம்."

கோட்டுக்கு வந்தாள். கண்ணாடி மாட்டினாள். காதை மூடினாள். துப்பாக்கியில் தோட்டாக்களை ஏற்றினாள்.

இங்கே விதி எளிது. கூப்பிட்டபின் சுடாமல் விலகினால் இந்த வருடத் தேர்வு முடிந்தது.

கையை நீட்டினாள். மூச்சைப் பிடித்தாள். வழக்கம்போலப் பயம் அடங்கியது.

விசையில் விரலை வைத்தாள். விரல் பிசுபிசு என்று ஒட்டியது.

காய்ச்சல் மருந்து. ஆரஞ்சு வாசனை.

நடுவில் எழுந்து போனோமே.

எந்தக் கூட்டில் விட்டுவிட்டுப் போனோம்?

விரலை எடுத்தாள். அடங்கியிருந்த பயம் எல்லாம் சேர்ந்து வந்தது. ஒரு சிட்டிகை இருந்தாலும் இரண்டு சிட்டிகை இருந்தாலும் அந்தக் கூட்டின் அடி இருட்டாகத்தான் இருக்கும். இரண்டு தடவை விழுந்த தோட்டா ஒன்று இதில் இருந்தால், குண்டு முன்னால் போவதற்குள் துப்பாக்கி கையிலேயே பிளக்கும்.

கை. முகம். அந்த முகத்தைத் தேடி அழுகிற பிள்ளை.

தோட்டாக்களை வெளியே எடுத்தாள். துப்பாக்கியைத் திறந்தபடி மேஜையில் வைத்து, ஓர் எட்டுப் பின்னால் வந்தாள்.

"என்னம்மா, கொசு கடிச்சிருச்சா?" என்றார் பின்னால் நின்ற ராயப்பன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

மெற்றில்டா வந்தாள்.

"என்னக்கா?"

"மருந்து ரெண்டு தடவை ஊத்திட்டேனோன்னு இருக்கு."

"யாருக்கு? ரோஷினிக்கா?"

லில்லிபுஷ்பத்துக்குக் கோபம் வந்தது. "ரோஷினிக்கு எப்படி ரெண்டு தடவை ஊத்த முடியும்? ஒரு பாலாடை உள்ள போறதே பெரும்பாடு. அடுத்தது கொண்டுபோனா மூஞ்சியிலேயே துப்பிருவா. நான் தோட்டாவச் சொல்றேன்."

"தோட்டா துப்பலையா?"

"தோட்டா எங்கயாவது துப்புமா? விளையாடாதீங்க மாஸ்டர்."

மெற்றில்டா விளையாடுகிற முகமாக இல்லை. தோட்டாப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"கழகத்துத் தோட்டா தரட்டா? இன்னும் நேரம் இருக்கு."

லில்லிபுஷ்பம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "இனிமே பயம் அடங்காது மாஸ்டர்."

"சரி" என்றாள் மெற்றில்டா. பலகையில் இருந்த பெயரை அவளே அடித்தாள். "வாங்க உள்ள."

*

சுத்தியல் மாதிரி ஒரு கருவி. அதன் தலைக்குள் தோட்டாவை மாட்டித் தரையில் தட்டினால், குண்டு கழன்று மருந்தும் அதற்குள்ளேயே கொட்டும்.

மெற்றில்டா தட்டினாள். லில்லிபுஷ்பம் ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாளில் கவிழ்த்தாள். தொட்டிலில் ரோஷினி முழித்துக்கொண்டு சத்தத்துக்குத் தக்கபடி காலை ஆட்டினாள்.

ஒரு சின்னக் குவியல். பக்கத்தில் அதே அளவு இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

ராயப்பன் வாசலில் வந்து நின்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காதும்மா. நான் எத்தனை வருசமா இதே மருந்து போடுறேன். பயந்த சுபாவம் உனக்கு. வீணா ஒரு வருசத்தைக் கோட்டை விட்டியே."

லில்லிபுஷ்பம் அடுத்த தோட்டாவைக் கவிழ்த்தாள். அவர் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால் என்ற பயம். பொய்யாக இருந்துவிட்டால் என்ற பயம்.

குவியல்கள் பெருகிக்கொண்டே போயின. எல்லாம் ஒரே அச்சு.

"நானே பைத்தியம்" என்றாள் லில்லிபுஷ்பம். "விடுங்க மாஸ்டர். போதும்."

மெற்றில்டா அடுத்ததை மாட்டினாள். தட்டினாள். நீட்டினாள்.

லில்லிபுஷ்பம் கவிழ்த்தாள்.

அந்தக் குவியல் மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தது. அளக்க வேண்டிய அவசியம் இல்லை. சின்னக் குவியல்கள் நடுவில், பிள்ளைகள் நடுவே டீச்சர் மாதிரி நின்றது.

ராயப்பன் வாசற்படியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சுத்தமான மருந்துதான்" என்றார் கொஞ்சம் கழித்து, தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு.

"சுத்தமான மருந்துதான் அண்ணே" என்றாள் மெற்றில்டா. "உங்க வீட்ல யாரும் நடுவுல அழ மாட்டாங்க."

லில்லிபுஷ்பம் தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்தாள். கழுத்தில் முகத்தை வைத்தாள். வியர்த்திருந்தது. காய்ச்சல் விட்டிருந்தது. பிள்ளை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. மூக்கு இருந்தது. கண் இருந்தது. பிடித்து இழுக்க முகம் முழுசாக இருந்தது.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் விக்கல் எடுத்தது.

"தண்ணி குடிங்க" என்றாள் மெற்றில்டா. அடுத்த தோட்டாவை மாட்டினாள்.

"அதான் கிடைச்சிருச்சே."

"ஒண்ணுதான்னு யாரு சொன்னா?"

கடைசித் தோட்டாவரை தட்டினார்கள். ஒன்றுதான்.

*

வெளியே தேர்வு முடிந்து பெயர் வாசித்தார்கள். லில்லிபுஷ்பத்தின் பெயர் அதில் இல்லை. ஆபீஸ் அறைவரை கைதட்டல் கேட்டது. அவளும் பிள்ளையின் கைகளைப் பிடித்துச் சேர்த்துத் தட்டிவிட்டாள்.

"வருத்தமா அக்கா?"

"வருத்தம்தான். பசிக்குது."

மெற்றில்டா டிபன் பாக்ஸைத் திறந்து தள்ளினாள். இட்லி ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் தின்றார்கள். ரோஷினிக்கு ஒரு விள்ளல் நீட்டினாள் லில்லிபுஷ்பம். வாங்கித் தின்றாள். இன்னொன்று நீட்டினாள்.

"வேணாம்" என்றாள் ரோஷினி. தூ என்று துப்பினாள்.

இட்லித் துணுக்கு லில்லிபுஷ்பத்தின் கன்னத்தில் ஒட்டியது.

அவள் அதைத் துடைக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். மெற்றில்டாவைப் பார்த்தாள். மெற்றில்டா சட்னியைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

லில்லிபுஷ்பம் பிள்ளையை மெற்றில்டா மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். கையைக் கழுவித் துடைத்தாள். ராயப்பன் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த டப்பாவை எடுத்தாள். சாம்பல் நிறத்தில் மெல்லிய வில்லைகள். புத்தகத்தைத் திறந்து அந்த மருந்துக்கான அளவைப் பார்த்தாள், தராசில் நிறுத்தாள்.

வெறும் கூடு ஒன்றை மேஜையில் நிறுத்தினாள். ஓர் அளவு ஊற்றினாள். கூட்டில் பாதிக்கு மேல் வந்து நின்றது.

இன்னும் ஓர் அளவு எடுத்தாள்.

ராயப்பன் படியிலிருந்து எழுந்து பார்த்தார்.

ஊற்றினாள். விளிம்புவரை ஏறியது. விளிம்பைத் தாண்டியது. மேஜையெல்லாம் சாம்பல் நிறமாக வழிந்தது.

"சிந்துதே அக்கா" என்றாள் மெற்றில்டா.

"சிந்தட்டும்" என்றாள் லில்லிபுஷ்பம்.