மருந்தோலைக்கு ஊர்வலம்

இன்றைக்கு இவர் சிரிக்கப் போவதில்லை. எனக்கும் சிரிப்புக் காட்ட மனமில்லை. இரண்டும் ஒரே நாளில் வந்து சேர்ந்திருக்கின்றன.

சபையின் ஓரத்தில் நின்றபடி கொற்றி இப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். எந்த நாடு, எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். முன்னொரு நாளில் ஓர் அரசர், அவருக்குக் கடைவாயில் தாங்க முடியாத பல்வலி. கொற்றி அவருடைய விகடகவி. பெண் என்பதால் சபையோர் அவளோடு உட்கார்ந்து பேசமாட்டார்கள். விகடகவி என்பதால் அந்தப்புரத்தாரும் பேசமாட்டார்கள். அவள் வாய் திறந்தால் எல்லோரும் சிரிப்பார்கள். முடித்ததும் கலைந்துபோவார்கள்.

அமைச்சர் காரி நம்பி எழுந்தார். தன் பேச்சைவிட அவள் பேச்சுக்கு அரசர் காது கொடுக்கிறாரே என்று வயிறெரிந்தவர். "அரசே, தாங்கள் துன்புறும் வேளையில் சிரிக்க வைக்காத விகடகவி எதற்கு? பொழுது சாய்வதற்குள் இவள் தங்களைச் சிரிக்க வைக்கட்டும். இல்லையேல் சபையை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் அரசர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே.

போவதென்றால் பிறந்த ஊரான மடைக்குடிக்குத்தான் போகவேண்டும். முந்தின நாள் அங்கே போயிருந்தாள். அக்காள் அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "நீ போயி ராசாவச் சிரிக்க வை. இங்க புள்ளைக்கு வயித்தால போயி கண்ணு உள்ள போயிடுச்சு. ஒங்க அரமனை ஆனை குளிச்ச தண்ணியத்தானடி நாங்க குடிக்கிறோம்?"

அந்த நோய்க்கான பதில் அரண்மனையில் இருந்தது. அறிஞர் அந்துவன் பல கோடைகள் வாய்க்கால் ஓரம் அலைந்து, வீடு வீடாக விசாரித்து எழுதிய நூல் அது. வாய்க்கால் மடைக்குடியைத் தாண்டிய பிறகு யானைத்துறையை அமைத்தால் நோய் நிற்கும் என்றது. நாட்டு வழக்கப்படி அதைச் சபையில் படித்தார்கள், பட்டுப் போர்த்தினார்கள், யானைமேல் ஏற்றி வீதி சுற்றி, ஏட்டறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். பிறகு அந்த யானையைப் பழைய துறையிலேயே குளிப்பாட்டினார்கள்.

நான் போய்விட்டால் மடைக்குடியின் பெயரை இங்கே யார் எடுப்பார்கள்?

அப்போது மருத்துவர் மருந்தோலை எழுதி நீட்டினார். கொற்றி முந்திக்கொண்டு வாங்கினாள். "அரசே, இதை நான் கவனித்துக்கொள்கிறேன்." அரசர் வலியோடு தலையாட்டினார்.

அவள் ஓலையைச் சபை நடுவே உரக்கப் படித்தாள். "கிராம்புத் தைலம், பஞ்சு, வெந்நீர். ஆகா, எப்பேர்ப்பட்ட நடை!" பட்டுப் போர்த்தினாள், மாலை சூட்டினாள். மேளதாளத்தோடு யானைமேல் ஏற்றி வீதி சுற்றி, ஏட்டறையில் வைத்துப் பூட்டிவிட்டுத் திரும்பினாள்.

அரசர் அரியணையில் சுருண்டு கிடந்தார். "மருந்து எங்கே?"

"ஓலை ஏட்டறையில் இருக்கிறது, அரசே. மிகுந்த மரியாதையோடு."

"மரியாதை யாருக்கு வேண்டும்? பல் வலிக்கிறதடி!"

"பொறுத்தருள வேண்டும். மடைக்குடியின் வயிற்றுவலிக்கு இப்படித்தான் செய்தோம். பல்லுக்கு வேறு முறை உண்டா என்று அமைச்சரைத்தான் கேட்க வேண்டும்."

சொல்லிவிட்டு, மடைக்குடிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்துவதையும் எழுந்து ஓடுவதையும் மறுபடி குந்துவதையும் நடித்துக் காட்டினாள். அக்காள் மகளின் மெலிந்த கால்கள் நினைவுக்கு வந்தன. ஆனாலும் நிறுத்தவில்லை.

அரசர் நம்பியின் வெளிறிய முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். சிரித்ததில் பல் இன்னும் வலித்தது. "ஐயோ, ஐயோ" என்றபடியே சிரித்தார்.

"நம்பி, யானைத்துறையை நாளையே மாற்றும். அந்துவன் காட்டும் இடத்தில், நீரே நின்று செய்யும். அதற்கு முன்னால் யாராவது அந்தத் தைலத்தைக் கொண்டு வாருங்கள்!"

கொற்றி வாசல் பக்கம் பார்த்தாள். அக்காளிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் உள்ளே கூப்பிடுவாளா என்று தெரியவில்லை.

வலி அடங்கியதும் அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். "பௌர்ணமி விருந்துக்கு அயல்நாட்டு அரசர்கள் வருகிறார்கள், கொற்றி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாயே, அதை அவர்களுக்கும் நடித்துக் காட்டு. விழுந்து விழுந்து சிரிப்பார்கள்."

சபையும் இப்போதே சிரிக்கத் தொடங்கியது. கொற்றி மாலையை அவர் பாதத்தருகே வைத்தாள்.

"பல்வலியை வேண்டுமானால் நடிக்கிறேன், அரசே," என்றாள் மெல்ல. "அதை மாட்டேன்."